முளைத்த நாற்று சாய்ந்து போவது ஏன்? திருவனந்தபுரம் மழையில் வீட்டுக்குள் விதை போட எந்தக் கலவை சரி?

ஜூன் மாதம், இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட நேரம். கிருஷி பவனில் கிடைத்த விதைப் பாக்கெட்டைப் பிரித்து தக்காளி, மிளகாய், கத்தரி என்று ஒரு தட்டில் போடுகிறீர்கள். தோட்டத்து மண்ணைத்தான் நிரப்பியிருக்கிறீர்கள். ஐந்தாறு நாளில் பச்சை தலைகாட்டுகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எட்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதி நாற்று தரையோடு படுத்துக் கிடக்கிறது. தண்டின் அடிப்பகுதி மட்டும் நூல் மாதிரி மெலிந்து, வெந்தது போல இருக்கிறது.

"விதை சரியில்லை" என்று பாக்கெட்டைத் திட்டுவதுதான் வழக்கம். ஆனால் முளைத்துவிட்ட விதை மேல் என்ன குற்றம்? முளைக்கும் வரைக்கும் அது தன் வேலையைச் செய்துவிட்டது. அதன் பிறகு நடந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அது நின்ற இடம், அதாவது தட்டில் நீங்கள் நிரப்பிய கலவை. வேளாண் புத்தகங்கள் இதை 'வளர் ஊடகம்' என்று சொல்லும். நாம் கலவை என்றே வைத்துக்கொள்வோம்.

எந்தக் கலவையில் விதை போட்டால் திருவனந்தபுரம் மாதிரி ஈரமான ஊரில் நாற்று பிழைக்கும்? அதை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? நாற்று பிழைத்த பிறகும் செடி ஏன் சாகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுக்குள் நாற்று விடுவது குளிர்நாட்டு வேலைதானே?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனி விலகும் வரை வெளியே விதைக்க முடியாது. அதனால் ஜன்னல் ஓரத்தில் நாற்று விடுகிறார்கள். அவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, தட்டுக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பை ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. திருவனந்தபுரத்துக்கு அது தேவையே இல்லை. தக்காளியும் கத்தரியும் மிளகாயும் முளைக்க 25 முதல் 30 டிகிரி வெப்பம் போதும். இங்கே வருஷம் முழுக்க அது இலவசமாகவே கிடைக்கிறது.

நமக்குக் கூரை வேண்டியிருப்பது வேறு காரணத்துக்காக. இந்த ஊருக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபர்-நவம்பரில் துலாவருஷம். ஒரு பெரிய மழை விழுந்தால் கால் அங்குல ஆழத்தில் கிடக்கும் விதை தட்டை விட்டே வெளியே போய்விடும். மழை இல்லாத நாளில் மாடி வெயில் அதே தட்டைச் சுட்டெடுக்கும். இது போதாதென்று ராத்திரியில் நத்தை வரும். கேரளம் முழுக்கப் பரவியிருக்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தைக்கு ஒரு தட்டு நாற்று ஒரு வேளைக்குக்கூடப் போதாது.

அதனால் 'வீட்டுக்குள்' என்றால் இங்கே படுக்கையறை என்று அர்த்தம் இல்லை. மழைச்சாரல் படாத சிட்-அவுட், பால்கனி, மாடிப்படிக்குப் பக்கத்து ஷெட், பாலிகார்பனேட் ஷீட் போட்ட ஓரம், இதில் எது இருந்தாலும் சரி.

மண்ணில் போட்டால் என்ன கெட்டுப்போகிறது?

நாற்று சாய்ந்து போவதற்கு நாற்றழுகல் நோய் என்று பெயர். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் பூஞ்சை வகைகள் இதற்குக் காரணம். இதில் பித்தியம் தண்ணீரை நம்பி வாழ்வது. அதன் வித்துகள் ஈர மண்ணில் நீந்திப் போய் இளம் தண்டைப் பிடிக்கும். மண் எவ்வளவு நேரம் சொதசொதவென்று இருக்கிறதோ அவ்வளவு நேரம் அதற்குக் கொண்டாட்டம்.

நம் ஊர் செம்மண்ணைத் தனியாகத் தட்டில் நிரப்பினால் இரண்டு விஷயம் நடக்கும். தண்ணீர் பட்டதும் இறுகும். இறுகினால் உள்ளே காற்று இல்லை. வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றும் அதே அளவுக்கு வேண்டும் என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. நிலத்தில் கிடக்கும் மண்ணில் உபரித் தண்ணீர் கீழே கீழே இறங்கிப் போய்விடும். இரண்டு அங்குல ஆழமுள்ள தட்டில் அதற்குப் போக்கிடம் கிடையாது. அடியில் தேங்கி நிற்கும். தோட்டத்தில் நல்ல மண்ணாக இருந்தது தட்டுக்கு வந்ததும் மோசமாவது இதனால்தான்.

அப்படியானால் நல்ல கலவைக்கு இலக்கணம் என்ன? தண்ணீரைப் பிடிக்க வேண்டும், ஆனால் காற்றை விரட்டக் கூடாது. பூஞ்சையும் களை விதையும் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். உப்பு இருக்கக் கூடாது. இவ்வளவுதான். உரச்சத்து இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முதல் நிஜ இலை வரும் வரைக்கும் தேவையான சாப்பாட்டை விதையே தன்னோடு கொண்டுவந்திருக்கிறது. 'சத்து சேரட்டும்' என்று ஆரம்பத்திலேயே சாணத்தை அள்ளிப் போடுவது பூஞ்சைக்குப் பந்தி வைப்பதுதான்.

சகிரிச்சோறு: பெயரில் மட்டும் சோறு

இந்த இலக்கணத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒரு பொருள் நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்த பிறகு உதிரும் பழுப்புத் தூள். மலையாளத்தில் சகிரிச்சோறு. கடையில் கோகோபீட். தமிழ்நாட்டு வேளாண் துறை ஆட்கள் தென்னை நார்க்கழிவு என்பார்கள். சோற்றுக்கற்றாழையில் இருக்கிறதே, அதே 'சோறு'தான் இதுவும். உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதி என்று பொருள்.

ஒரு மட்டையில் நாரை விட இந்தச் சோறுதான் எடையில் அதிகம். ஜேம்ஸ் டாரா 1859-ல் ஆலப்புழையில் முதல் கயிறு தொழிற்சாலையைத் தொடங்கிய காலத்திலிருந்து வெகுகாலம் இது வெறும் குப்பை. காயல் ஓரங்களில் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் கறுப்புச் சாறு தண்ணீரில் இறங்கும். இன்று கதை தலைகீழ். இந்தியாவின் கயிறுப் பொருள் ஏற்றுமதியில் மதிப்பில் முன்னணியில் நிற்பது இந்தத் தூள்தான். பொள்ளாச்சி வட்டாரத்தில் இதைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி அனுப்புவது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. வெளிநாட்டுப் பசுமைக் குடில்களில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் இதில்தான் வளர்கின்றன. திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் இருக்கும் தேசிய கயிறு ஆராய்ச்சி மற்றும் மேலாண்மை நிறுவனம் இந்தத் துறை ஆராய்ச்சிக்காகவே இயங்குகிறது.

தன் எடையைப் போல எட்டு மடங்கு வரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த பிறகும் இடையிடையே காற்று நிற்கும். நார்த்துணுக்குகள் இருப்பதால் சீக்கிரம் இறுகாது. தோட்டத்து மண்ணோடு வரும் களையோ நோயோ பொதுவாக இதில் இருக்காது. 650 கிராம் கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டால் 8 முதல் 9 லிட்டர் தூளாகப் பொங்கும். 98 குழி கொண்ட குழித்தட்டு மூன்றை அதில் நிரப்பலாம். 5 கிலோ கட்டி சுமார் 70 லிட்டர் வரும். முதல் முறை வாங்குபவர் இதைத் தெரியாமல் சின்ன வாளியில் போட்டுவிட்டு சமையலறை முழுக்கத் துடைக்க வேண்டிவரும்.

ஆனால் மூன்று குறைகள் இதற்கு உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் பயன்படுத்தினால் மண்ணே தேவலை என்று ஆகிவிடும்.

முதல் குறை உப்பு. கேரளத்தில் பாரம்பரியமாக மட்டையை உப்புக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுத்தான் நார் எடுப்பார்கள். அந்தத் தண்ணீரின் சோடியமும் குளோரைடும் தூளில் தங்கிவிடும். காயலில் ஊறாத மட்டையிலும், குறிப்பாகக் கடலோரத் தென்னையில், இயல்பாகவே பொட்டாசியமும் உப்பும் உண்டு. உப்பு அதிகமானால் விதை தண்ணீரை உறிஞ்ச முடியாமல் திணறும். முளைத்தாலும் இலை நுனி கருகும். அதனால் கட்டி வாங்கும்போது உறையில் 'கழுவியது', 'குறைந்த இ.சி.' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இ.சி. என்பது மின்கடத்துதிறன். தண்ணீரில் உப்பு கூடினால் அதுவும் கூடும். நாற்றுக்கு 0.5-க்குக் கீழே இருப்பது நல்லது.

உறையை நம்ப மனமில்லையா? வீட்டில் குடிநீர் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் போதும். கோகோபீட்டைப் பிழிந்த தண்ணீரில் அதை வைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் முதலில் ஒரு அளவு எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். பிழிந்த தண்ணீர் 300-ஐத் தாண்டி எகிறினால் இன்னும் கழுவ வேண்டும். மீட்டர் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: ஒரு சிட்டிகை தண்டுக்கீரை விதையோ கடுகோ தூவிப் பாருங்கள். நாலைந்து நாளில் அது சரியாக முளைத்தால் தக்காளியை நம்பிப் போடலாம்.

இரண்டாவது குறை கறை. புதுத் தூளில் டானின் போன்ற பொருட்கள் இருக்கும். ஊறவைத்த தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு வரும். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் விட வேண்டும். மூன்று முறை மாற்றினால் நிறமும் வெளுக்கும், உப்பும் பெருமளவு இறங்கும். கால்சியம் நைட்ரேட் கலந்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் கழுவினால் தூளைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியமும் வெளியேறிவிடும். பெரிய நர்சரிகள் இதைச் செய்கின்றன. ஒன்றிரண்டு தட்டு வைப்பவருக்கு மூன்று முறை கழுவுவதே போதும்.

மூன்றாவது குறைதான் முக்கியம்: இதில் சாப்பாடு கிடையாது. பெயரில் மட்டும்தான் சோறு. பச்சைத் தூளில் கரிமச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100-க்கு 1-ஐயும் தாண்டும். அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிரிகள் பக்கத்தில் இருக்கும் தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும். நாற்று வெளிறி நிற்கும். 20 நாள் தட்டில் இருப்பதற்குள் பெரிய கேடு வராது. ஆனால் அதே பச்சைத் தூளைப் பாதிக்குப் பாதி குரோ பேக்கில் நிரப்பினால் செடி மாதக்கணக்கில் வளராமல் நிற்கும். குரோ பேக்குக்கு மக்கவைத்த தூள்தான் வேண்டும். கயிறு வாரியம் இதற்கென்று 'பித்பிளஸ்' என்ற காளான் வித்தைத் தருகிறது. சிப்பிக் காளான் இனத்தைச் சேர்ந்தது அது. அதையும் யூரியாவையும் அடுக்கடுக்காகத் தூவி மக்கவைத்தால் அந்த விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும்.

அப்போ எதை எவ்வளவு கலப்பது?

வீட்டு அளவுக்கு மிகவும் எளியது: கழுவிய கோகோபீட் மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூள். மண்புழு உரம் நல்லதுதானே, கூடப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். தனியாக அது கனமாகி ஈரத்தைக் கட்டிவைக்கும். நான் திருவனந்தபுரத்துக்காரருக்குச் சொல்வதென்றால், ஜூன், ஜூலையில் அதையும் பாதியாகக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் உமிக்கரியைப் போடச் சொல்வேன். பழைய தலைமுறை பல் தேய்த்த அதே உமிக்கரிதான். எடை இல்லாதது, காற்றோட்டம் தரும். காரத்தன்மை உண்டு என்பதால் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது.

வணிக நர்சரிகளில் கோகோபீட், வெர்மிகுலைட், பெர்லைட் மூன்றையும் 3:1:1 என்று கலப்பார்கள். பெர்லைட் எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சூட்டில் பொரித்தெடுத்தது. வெர்மிகுலைட் அபிரகம் மாதிரித் தகடுதகடாக இருக்கும் கனிமம். அதுவும் சூட்டில் விரிந்ததுதான். இரண்டிலும் பெர்லைட் தண்ணீரை வடியவிடும், வெர்மிகுலைட் பிடித்துவைக்கும். மழைக்காலத்தில் இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பெர்லைட்டை எடுங்கள். அதன் தூசி மூச்சுக்கு நல்லதல்ல. பையைத் திறக்கும் முன் தண்ணீர் தெளித்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு கலப்பது நல்லது.

மண்தான் இருக்கிறது, வேறு வாங்கப்போவதில்லை என்கிறீர்களா? அதுவும் குற்றமில்லை. மண், மணல், நன்றாக மக்கிய சாணம் சம பங்கு என்பது தலைமுறை தலைமுறையாக வேலை செய்த கணக்கு. அதில் இன்று சிக்கல் மணலில். 2001-ல் கேரள அரசு ஆற்றுமணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்திச் சட்டம் கொண்டுவந்தது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் எம்-சாண்ட். அதிலுள்ள பாறைத்தூள் சிமெண்ட் மாதிரி இறுகும். கழுவிச் சலிக்காமல் சேர்க்கக் கூடாது. மணலுக்குப் பதில் கழுவிய கோகோபீட் போட்டாலே போதும்.

மண் கலந்தால் அதைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஈர மண்ணைக் கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட்டுக்குள் மூடி, மார்ச்-ஏப்ரல் வெயிலில் நான்கு வாரம் போடுவது நல்ல வழி. ஜூனில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் வெயிலுக்கு எங்கே போவது? கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி, ஆறிய பிறகு வடியவிட்டுப் பயன்படுத்துங்கள். முழுச் சுத்தம் ஆகாது, ஆனால் பெரும்பகுதி ஆகும்.

ஆன்லைனில் 'பீட் மாஸ்' என்று விலை கூடிய பை ஒன்று வரும். கோகோபீட்டும் அதுவும் ஒன்றல்ல. அது குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்களில் பாசி மக்கி உருவானது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். வெட்டியெடுத்தால் பூமிக்குள் அடங்கிக் கிடந்த கரியமிலம் வெளியே வரும் என்பதால் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு அதை விற்கத் தடை போடுவதாக பிரிட்டன் அரசு 2022-ல் அறிவித்தது. அங்கே அதற்கு மாற்றாகப் பலர் தேடுவது நம் சகிரிச்சோற்றைத்தான். நாம் அதை விட்டுவிட்டு இதை இறக்குமதி செய்வதில் என்ன லாபம்?

டிஷ்யூ பேப்பரில் முளைக்கவைப்பது சரியா?

சரிதான், ஆனால் அது நாற்று வளர்க்கும் வழியல்ல, விதையைச் சோதிக்கும் வழி. ஓணத்துக்கு முன்பு வாங்கிய பாக்கெட்டில் பாதியை அடுத்த வருஷத்துக்கு வைத்திருப்பீர்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் திறந்த பாக்கெட் விதை சீக்கிரம் வீரியம் இழக்கும். பத்து விதையை எண்ணி ஈர டிஷ்யூவில் மடித்து, ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். தக்காளிக்கு ஒரு வாரம், மிளகாய்க்கு பத்து, பன்னிரண்டு நாள் பொறுங்கள். ஏழெட்டு முளைத்தால் விதை நல்லது. மூன்று முளைத்தால் மூன்று மடங்கு விதை போடுங்கள், அல்லது புது பாக்கெட் வாங்குங்கள். முளைத்ததை வீணாக்க வேண்டாம். வேர் ஒரு சென்டிமீட்டர் ஆவதற்குள் கலவைக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் வேர் பேப்பருக்குள் புகுந்துகொள்ளும், பிரிக்கும்போது அறுந்துபோகும்.

மீதி விதையைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த வருஷமும் கைகொடுக்கும்.

விதை போட்ட பிறகு

கலவையைக் கையில் அள்ளிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரியான ஈரம். ஒழுகினால் அதிகம். குழிக்கு ஒரு விதை, விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம். அதற்கு முன்பு விதையை சூடோமோனாஸ் பொடியில், கிலோவுக்கு 10 கிராம் கணக்கில், புரட்டியெடுப்பது நாற்றழுகலுக்கு நல்ல முன்காப்பு. வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும். பிறகு தட்டின் மேல் பாலித்தீன் மூடி நிழலில் வையுங்கள். முதல் பச்சை தெரிந்த அன்றைக்கே மூடியை எடுத்துவிட வேண்டும். 'இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே' என்று விட்டால் உள்ளே புழுங்கி நாற்று சாயும். நான் பார்த்தவரை மழைக்காலத்தில் நாற்று போவது இந்த இரண்டு நாளில்தான்.

கோகோபீட்டில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. மேல்பகுதி வெளிர் பழுப்பாகக் காய்ந்து தெரியும்; உள்ளே சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். கண்ணை நம்பித் தண்ணீர் ஊற்றாதீர்கள். தட்டைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். வேண்டுமென்றால் காலையில், அடித்தட்டில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் உறிஞ்சவிட்டு, மீதியைக் கொட்டிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை மறந்தால் நாற்று மட்டுமல்ல, வீடும் பாதிக்கப்படும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கி நிற்கும் சுத்தமான கொஞ்சம் தண்ணீர் போதும். மழைக்காலம் தோறும் டெங்கு வரும் நகரத்தில் நாற்றுத் தட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கவிடுவது சரியல்ல.

ஒன்றிரண்டு நாற்று சாய ஆரம்பித்தால் அவற்றைச் சுற்றியுள்ள கலவையோடு எடுத்துப் போடுங்கள். மீதிக்கு லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் கரைத்து ஊற்றலாம். அதே நாளில் செம்புப் பூஞ்சைக்கொல்லி எதையும் சேர்க்கக் கூடாது. அது இந்த நல்ல பாக்டீரியாவையே கொன்றுவிடும்.

முதல் நிஜ இலை வந்த பிறகுதான் சாப்பாடு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் குழித்தட்டு நாற்றுக்கு 18-வது நாள் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றச் சொல்கிறது. இயற்கை வழியில் போகிறவர்கள் மண்புழு உரத்தை ஊறவைத்து வடித்த தண்ணீரை விடலாம். கடலைப் பிண்ணாக்கைப் புளிக்கவைத்தும் ஊற்றலாம்தான். ஃபிளாட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஜன்னல்?

வெளிநாட்டுக் குறிப்பு எல்லாமே 'தெற்கு ஜன்னல்' என்று சொல்லும். அதை அப்படியே எடுத்தால் ஜூனில் ஏமாறுவீர்கள். திருவனந்தபுரம் பூமத்திய ரேகையிலிருந்து எட்டரை டிகிரிதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். நாற்று விடும் மழைக்காலம் முழுக்க தெற்கு ஜன்னலில் நேர் வெயில் அநேகமாக விழாது. துலாவருஷ நாற்றுக்கு மட்டும் தெற்கு சரி.

வருஷம் முழுக்கப் பொருந்துவது கிழக்கு. காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் கிடைத்தால் தண்டு குட்டையாக, தடிப்பாக வரும். வெளிச்சம் போதாத நாற்று நீண்டு, வெளிறி, ஜன்னல் பக்கம் வளையும். அப்படி நீண்ட தண்டு பூஞ்சைக்கும் சுலபமான இரை. வானம் மூடியே இருக்கும் வாரங்களில் சாதாரண 20 வாட் எல்.இ.டி. ட்யூப் லைட்டை நாற்றுக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு நாளைக்கு 14 மணி நேரம் எரியவிட்டால் போதும். ஊதா வெளிச்சம் தரும் விலை கூடிய 'குரோ லைட்' அவசியமில்லை.

எல்லா விதைக்கும் இது தேவையா?

இல்லை. வெண்டை, பயறு, முள்ளங்கி இவற்றை நேராக நடும் இடத்திலேயே போடுவதுதான் நல்லது. பாகல், புடலை, வெள்ளரிக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது. மழையால் வழியில்லை என்றால் அடியில் ஓட்டை போட்ட பேப்பர் கப்பில் கோகோபீட் கலவை நிரப்பி, விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து ஒன்று வீதம் போட்டு, இரண்டு நிஜ இலை வந்ததும் கப்போடு கிழித்து நட்டுவிடுங்கள்.

குழித்தட்டு யோகம் தக்காளி, கத்தரி, மிளகாய், தண்டுக்கீரை, முட்டைகோஸ், காலிஃபிளவர் இவற்றுக்குத்தான். தக்காளியை 25 நாளில் மாற்றி நடலாம். மிளகாய்க்கு 35 நாள் ஆகும். கேரளச் சமவெளியில் முட்டைகோஸும் காலிஃபிளவரும் நவம்பரில் நடுவதற்கு அக்டோபரில் நாற்று விட வேண்டும். அதாவது துலாவருஷம் கொட்டும்போது. கூரைக்குக் கீழே, நல்ல கலவையில் விடாவிட்டால் அந்தப் பயிரை நினைத்தே பார்க்க முடியாது.

நட்ட பிறகு திடீரென்று வாடினால்?

இங்கேதான் பலருக்கும் மனசு உடையும். கழுவிய கோகோபீட், காலை வெயில், எல்லாம் சரியாகச் செய்து, குரோ பேக்கில் நட்டு, பூவும் வந்த தக்காளி ஒருநாள் திடீரென்று தலை தொங்கும். இலை பச்சையாகவே இருக்கும். தண்ணீர் ஊற்றினாலும் எழுந்திருக்காது. இது நாற்றழுகல் அல்ல, பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பாக்டீரியா வேர் வழியாகப் புகுந்து தண்ணீர்க் குழாயை அடைத்துவிடும். கேரளத்தின் அமில மண்ணும் ஈரமும் வெப்பமும் அதற்கு ரொம்பப் பிடித்தமானவை.

தட்டிலிருந்த சுத்தமான கலவை நாற்றை அந்தக் கிருமியிடமிருந்து 25 நாள்தான் காப்பாற்றும். நடும் மண்ணில் அது இருந்தால் கலவையால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பதில் விதையில் இருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் பல வருஷம் வேலை செய்து, இந்த நோயைத் தாங்கும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, வெள்ளாயணி விஜய். கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, நீலிமா. மிளகாயில் உஜ்வலா, அனுக்ரஹா. அனகா காயைப் பார்த்து 'சின்னதா இருக்கே' என்று சலிக்காதீர்கள். கடையில் வாங்கிய பெரிய காய் ஹைபிரிட் விதையோ, சமையலறைத் தக்காளியைப் பிழிந்தெடுத்த விதையோ இந்த மண்ணில் பூக்கும் வரைதான் உங்களோடு இருக்கும். விதை எங்கே கிடைக்கும் என்பதைப் பக்கத்து கிருஷி பவனிலோ வெள்ளாயணி வேளாண் கல்லூரியிலோ கேளுங்கள். சுண்டை அல்லது நோய் தாங்கும் கத்தரி வேரில் ஒட்டுக்கட்டிய நாற்றும் இப்போது கிடைக்கிறது. ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் புதையாமல் நட வேண்டும்.

வாடியது இந்த நோயால்தானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் முனையிலிருந்து பால் மாதிரி வெள்ளை இழை கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய்தான். செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்தக் குரோ பேக் மண்ணை அடுத்த நாற்றுத் தட்டுக்கு எடுக்காதீர்கள், அதில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கவும் வேண்டாம். ஒரு கைப்பிடி சுண்ணாம்பு கலந்து இரண்டு வாரம் விட்டுவிட்டு, தண்டுக்கீரையோ பயறோ போடுங்கள்.